நாலு மாதமாகியும் வார்டில் நான் ‘புதுப் பொண்ணு’தான்

கேள்வி: எனக்கு 22 வயது. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. மெடிக்கல் வார்டு. கூட வேலை பார்க்கும் அக்காக்கள் எல்லோரும் டிப்ளமோ படித்து, பத்து பதினைந்து வருடம் சர்வீஸ் போட்டவர்கள். நரம்பில் மருந்து ஏற்றப் போடும் வென்ஃப்ளான் ஊசி ஒரே தடவையில் ஏறவில்லை என்றால் நோயாளி முன்னாலேயே, “பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு, ஒரு லைன் போடத் தெரியல” என்கிறார்கள். சந்தேகம் கேட்டால், “காலேஜ்ல சொல்லித் தரலையா?” கேட்காமல் செய்தால், “ஏன் கேக்கல?” போன மாதம் ஆறு நைட் சேர்ந்தாற்போல் போட்டார்கள். ராத்திரி டியூட்டி டாக்டருக்கு போன் போடவே கை நடுங்குகிறது. ஒருநாள் நாலாம் பெட் தாத்தாவுக்குக் காலை ஆறு மணி பி.பி. பார்க்க மறந்துவிட்டேன். சீனியர் அக்காவிடம் சொன்னபோது, “முன்னாடி ரீடிங்குக்குப் பக்கமா ஏதாச்சும் போட்டு விடு” என்றார். போட்டுவிட்டேன். தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உடை மாற்றும் அறையில் பலநாள் அழுதிருக்கிறேன். அம்மா, “விட்டுட்டு வா, ஏதாவது நர்சிங் ஸ்கூல்ல டியூட்டரா சேர்ந்துக்கலாம்” என்கிறார். அக்காக்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையா, இல்லை எனக்கு இந்த வேலையே வராதா?

– பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்: என் கடைசி மகளைவிட நீ சின்னவள், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். நான் அரசு மருத்துவமனைகளில் 38 வருடம் வேலை பார்த்து, நர்சிங் சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவள். நானும் டிப்ளமோதான். அதாவது, உன் கடிதத்தில் வரும் அந்த அக்காக்களில் ஒருத்தி என்று வைத்துக்கொள். அவர்கள் பக்கத்து நியாயமும் தெரியும், அநியாயமும் தெரியும்.

உன் கடிதத்தில் பத்து வரி திட்டு வாங்கிய கதை. பி.பி. கதை நாலே வரி. எனக்கு அந்த நாலு வரிதான் பெரிதாகப் பட்டது. அதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் இந்த ‘வேலையே வராதா’ என்கிற பயத்தை முடித்துவிடலாம்.

நாலாவது மாதம்தான் மோசமான மாதம். முதல் மாதம் புது யூனிஃபார்ம், முதல் சம்பளம் என்று ஓடிவிடும். இரண்டாவது மாதம், புதுசுதானே என்று எல்லோரும் விட்டுக்கொடுப்பார்கள். அதற்கப்புறம் சலுகை தீர்ந்துவிடும், வேலை மட்டும் இன்னும் கைக்கு வந்திருக்காது. மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க நர்ஸ் 1974-லேயே இதற்கு ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயர் வைத்துவிட்டார். முதலில் ஒரு தேனிலவு, பிறகு அதிர்ச்சி, பிறகுதான் தேறுவது என்று அவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். கல்லூரியில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க கேர் பிளான் எழுதியிருப்பாய். இப்போது ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை பெட் பார்க்கிறாய்? பன்னிரண்டா, பதினைந்தா? படிப்புக்கும் இதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீ இப்போது அதில் நிற்கிறாய், அவ்வளவுதான். பாட்ரிசியா பென்னர் என்ற இன்னொரு நர்ஸ், நர்ஸ்கள் அனுபவத்தில் எப்படி வளர்கிறார்கள் என்று ஆராய்ந்து ஐந்து படி சொன்னார். அதில் மூன்றாவது படி, அதாவது தன் வேலையைத் தானே திட்டமிட்டுச் சமாளிக்கிற நிலை, ஒரே மாதிரி வார்டில் இரண்டு மூன்று வருடம் இருந்தால்தான் வரும் என்கிறார். நீ நாலு மாதத்தில் வரவில்லையே என்று அழுகிறாய்.

அடுத்தது அக்காக்கள். அவர்களுக்கு உன்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறாய். பெரும்பாலும் அவர்கள் உன்னைப் பற்றி இன்னும் யோசிக்கவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் நிஜம். உனக்கு முன்னால் அந்த வார்டுக்கு எத்தனை புதுப் பெண்கள் வந்துபோனார்கள் என்று விசாரித்துப் பார். ஒருத்தி ஆறு மாதத்தில் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு வளைகுடாவுக்குப் போயிருப்பாள். ஒருத்தி எம்.ஆர்.பி. தேர்வில் பாஸாகி அரசு வேலைக்குப் போயிருப்பாள். இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். ஒவ்வொருத்திக்கும் ஸ்டாக் ரெஜிஸ்டரிலிருந்து சக்ஷன் மெஷின் வரை சொல்லிக்கொடுத்தது அந்த அக்காக்கள்தான். சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு ரூபாய் கூடுதல் கிடையாது, வேலையும் குறைவது கிடையாது. கை பழகிய மறுமாதம் அந்தப் பெண் போய்விடுவாள், வேறொரு புதுமுகம் வரும். இப்படி ஏழெட்டுப் பேரைப் பார்த்தவளுக்கு உன் பெயரைத் தெரிந்துகொள்ளவே சலிப்பாக இருக்கும்.

பி.எஸ்ஸி., டிப்ளமோ சண்டையும் இதற்குள்தான் இருக்கிறது. பதினைந்து வருடம் நைட் பார்த்தவளுக்கும் புதிதாக வந்தவளுக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் வைக்காத நிர்வாகங்கள் நிறைய. நாளைக்கு இன்சார்ஜ் பதவி என்று வந்தால் டிகிரி இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்தக் கோபத்தை நிர்வாகத்திடம் காட்ட முடியாது, அதனால் உன் வென்ஃப்ளானிடம் காட்டுகிறார்கள். இது சரி என்று சொல்லவில்லை. அவர்கள் திட்டுகிற ஆள் நீ இல்லை என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வலி குறையும் என்பதற்காகச் சொல்கிறேன். நீயும் ஒன்று செய்யாதே. “எங்க காலேஜ்ல இப்படித்தான் சொல்லித் தந்தாங்க” என்ற வாக்கியத்தை ஒரு வருடத்துக்கு வாயிலிருந்து எடுக்காதே. சரியாகவே இருந்தாலும்.

இப்போது அந்த நாலு வரி.

1986-ல் நான் வேலையில் சேர்ந்தது ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், பெண்கள் மெடிக்கல் வார்டு. அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சு, ஸ்டெரிலைசரில் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும். முப்பது பெட், தரையில் பாய் போட்டு இன்னும் பத்துப் பேர். காலையில் டி.பி.ஆர். சார்ட் எழுதுவது என் வேலை. காய்ச்சல் பார்ப்பேன், நாடி பார்ப்பேன். மூச்சை மட்டும் எண்ண மாட்டேன். நின்று ஒரு நிமிடம் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்க எங்கே நேரம்? 20, 20, 22, 20 என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவேன். யாரும் கேட்டதில்லை. பழைய சார்ட்டுகளும் அப்படித்தான் இருந்தன. நம் ஊரில் எந்த வார்டுக்குப் போய் எந்த சார்ட்டை எடுத்தாலும் மூச்சுக் கட்டத்தில் இன்றைக்கும் 20-தான் இருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வேன். வேடிக்கை இல்லை அது.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அதிகம் பேசாதவர். ஒருநாள் சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “வா” என்றார். முதல் பெட்டிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு பெட்டிலும் ஒரு முழு நிமிடம். வாய்விட்டு எண்ணச் சொன்னார். வார்டு மொத்தமும் எங்களைப் பார்க்கிறது. ஒன்றாம் பெட் 18. இரண்டு 16. இப்படியே போய், பதினேழாம் பெட்டில் ஒரு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சார்ட்டில் என் கையெழுத்தில் 20. எண்ணினேன், 36 வந்தது. இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். 36. விலாவுக்கு நடுவில் சதை உள்ளே இழுப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அதே பெட்டில் நின்று நாடி பார்த்துவிட்டுப் போனவள் நான். நிமோனியா. டாக்டரைக் கூப்பிட்டு ஆக்ஸிஜன் வைத்து மருந்தை மாற்றினார்கள், பத்து நாளில் அந்த அம்மா வீட்டுக்குப் போனார். இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் திட்டவே இல்லை. சாயங்காலம் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “நீ எழுதினா அது நடந்ததுன்னு நம்பித்தான் நான் வீட்டுக்குப் போறேன்” என்று மட்டும் சொன்னார்.

நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை பி.பி. இறங்குவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு சொல்லிவிடும். அதை எண்ணாமல் எழுதியவள் நான். உன்னைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: அந்த அக்கா சொன்னது தப்பு, நீ எழுதியதும் தப்பு. அந்த உறுத்தலைப் போக்கிக்கொள்ள வழி தேடாதே, அது இருக்கட்டும். ஆறு மணி பி.பி. மறந்தால் ஆறே முக்காலுக்குப் பார்த்து, 6.45 என்றே எழுது. “அக்கா, இப்பவே பார்த்துட்டு வந்துடறேன், ஆறே முக்கால்னே எழுதிக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே பி.பி. செட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பு. நின்று நியாயம் பேச வேண்டாம், அவரைத் திருத்தவும் வேண்டாம். இரண்டு நிமிட வேலை. மருந்து தவறிப்போனாலும் அப்படித்தான். டாக்டரிடம் சொல், கொடுத்த நேரத்தை உள்ளபடி எழுது. கேஸ் ஷீட் ஒருநாள் கோர்ட்டுக்குப் போனாலும் அதில் இருப்பது உன் கையெழுத்தாக இருக்கும், அக்காவின் வாய்ச்சொல் அங்கே வராது.

சீனியர்கள் உன்னை எதை வைத்து எடை போடுகிறார்கள் என்று நினைக்கிறாய்? வென்ஃப்ளான் என்று நினைக்கிறாய். நான் சூப்பரிண்டெண்டாக இருந்தபோது, “அந்தப் புதுப் பொண்ணு எப்படி?” என்று இன்சார்ஜ்களிடம் கேட்பேன். லைன் போட வருமா வராதா என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கிற ஓவரைப் பற்றித்தான் சொல்வார்கள். “ஓவர் கரெக்ட்டா கொடுப்பா” என்பார்கள், இல்லாவிட்டால் “அவ ஓவர் கொடுத்தா நாம இன்னொரு தடவை போய்ப் பார்க்கணும்” என்பார்கள். அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் உன் இடம்.

ஓவர் எப்படி எடுக்கிறாய் நீ? நர்சிங் ஸ்டேஷனில் நின்றபடி, “ஏழு ஸ்டேபிள், ஐ.வி. போகுது, எட்டு ஸ்டேபிள்” என்று கேட்டுத் தலையாட்டி எழுதிக்கொள்வதாக இருந்தால், நாளையிலிருந்து நிறுத்து. பெட் பக்கத்தில் போய் எடு. ஏழாம் பெட் சர்க்கரை நோயாளி, காலில் புண் என்று வைத்துக்கொள். போர்வையை விலக்கு. வென்ஃப்ளான் போட்ட இடத்தைக் கையால் தொடு. வீங்கி, தொட்டால் ஜில்லென்று இருந்தால் மருந்து நரம்புக்கு வெளியே போகிறது. சிவந்து சூடாக இருந்தால் நரம்பு வெந்திருக்கிறது. இரண்டுக்கும் லைனை எடுத்துவிட வேண்டும். பாட்டிலில் எவ்வளவு மிச்சம், சார்ட்டில் எத்தனை மணிக்குப் போட்டதாக இருக்கிறது? யூரின் பையை எப்போது காலி செய்தார்கள்? அப்புறம் முக்கியமான கேள்வி: ஆறு மணி சுகர் எவ்வளவு, இன்சுலின் கொடுத்தாச்சா, இனிமேல்தான் கொடுக்கணுமா, டிஃபன் வந்ததா? “சுகர் பார்த்தாச்சு” என்ற ஒற்றை வார்த்தையில் ஓவர் முடிந்த வார்டுகளில், நைட் நர்ஸ் ஒரு தடவையும் காலை நர்ஸ் ஒரு தடவையும் இன்சுலின் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். போடாமல் விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

நைட் முடிந்து வீட்டுக்கு ஓடத் துடிப்பவர் பல்லைக் கடிப்பார். “என்ன, செக் பண்றியா என்னை?” என்று கேட்டாலும் கேட்பார். “இல்லக்கா, அப்புறம் உங்களுக்கு போன் போட்டுத் தொல்லை பண்ணக் கூடாதில்ல” என்று சொல். பத்து நாளில் பழகிவிடும். நீ ஓவர் கொடுக்கும்போது, முடிக்காத வேலையை முதலில் சொல். “பத்தாம் பெட் பிளட் சாம்பிள் அனுப்பல அக்கா, நரம்பு கிடைக்கல, ரெண்டு தடவை குத்திட்டேன்” என்பது வெட்கப்படுகிற விஷயமே இல்லை. அவர் தானாக மத்தியானம் கண்டுபிடித்தால்தான் வெட்கம்.

சந்தேகம் கேட்பதற்கும் இதே கணக்குதான். கேட்டாலும் திட்டு, கேட்காவிட்டாலும் திட்டு என்கிறாய். எப்போது கேட்கிறாய்? ரவுண்ட்ஸ் நேரத்தில் டாக்டர் முன்னாலா, ஊசி போடும் நேரத்தில் டிரேயும் கையுமாக அவர் ஓடும்போதா? அவசரமில்லாத சந்தேகங்களைப் பாக்கெட் நோட்டில் குறித்து வை. மத்தியானம் மூன்று மணிக்கு வார்டு கொஞ்சம் அடங்கும், டீ வரும். அப்போது கேள். கேட்கும்போது உனக்குத் தெரிந்தவரை சொல்லிவிட்டுக் கேள். “அக்கா, வாங்கோமைசின் எப்படிக் கொடுக்கறது?” என்றால் எரிச்சல்தான் வரும். “அக்கா, வாங்கோமைசினை சலைன்ல கலந்து ஒரு மணி நேரத்துக்கு மேல விடணும்னு படிச்சிருக்கேன், இங்கேயும் அப்படித்தானா, வேற மாதிரியா?” என்றால் பாதிப் பேர் நின்று பதில் சொல்வார்கள். அவசரமான சந்தேகத்துக்கு இந்த நேரம் காலமெல்லாம் கிடையாது. கையில் சிரிஞ்சு இருக்கிறது, மனதில் சந்தேகம் இருக்கிறது என்றால் சிரிஞ்சைக் கீழே வை. கேட்டு வாங்குகிற திட்டு சாயங்காலத்துக்குள் மறந்துபோகும்.

இரண்டு மருந்துகளில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் அசையாதே. ஒன்று கே.சி.எல்., அதாவது பொட்டாசியம் குளோரைடு. அந்த ஆம்ப்யூலைப் பாட்டிலில் கலந்து மெதுவாகத்தான் விட வேண்டும். நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுபோகும். இன்னொன்று இன்சுலின். நம் நாட்டில் ஒரு எம்.எல்.லில் 40 யூனிட் இருக்கிற வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் இருக்கிறதும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 வயலில் சிவப்பு மூடி சிரிஞ்சைப் போட்டுப் பத்துக் கோடு இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இது கணக்குத் தெரியாதவர்கள் செய்கிற தப்பில்லை, பத்து வருடம் சர்வீஸ் ஆனவர்கள் ராத்திரி மூன்று மணிக்குச் செய்கிற தப்பு. அதோடு, வேறு யாரோ லோடு பண்ணி, பெயர் ஒட்டாமல் வைத்த சிரிஞ்சை, “இத ஒம்போதாம் பெட்டுக்குப் போட்டுட்டு வா” என்று நீட்டினால் வாங்காதே. “நான் புதுசா லோடு பண்ணிக்கறேன் அக்கா” என்று சிரித்துக்கொண்டே சொல்.

டாக்டருக்கு போன் போடுகிற நடுக்கம் எல்லோருக்கும் உண்டு. தூக்கத்திலிருந்து எழுந்தவர், “இதுக்கா போன் பண்ண?” என்று கேட்பாரே என்ற பயம். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று உனக்கே தெளிவில்லாமல் எண்ணை அழுத்துவதால்தான் அது பாதி வருகிறது. எஸ்பார் என்று ஒரு முறை உண்டு, படித்திருப்பாய். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்டு, அப்புறம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் – இந்த நாலையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு போனை எடு. இப்படி: “சார், மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். ஒம்பதாம் பெட், 62 வயசு, நிமோனியா, நேத்து அட்மிஷன். இப்ப மூச்சு 32, சாச்சுரேஷன் 88, பல்ஸ் 118, பி.பி. 96/60. எட்டு மணிக்கு மூச்சு 22தான் இருந்தது. ஆக்ஸிஜன் வெச்சு, தலைப்பக்கம் தூக்கி வெச்சிருக்கேன். எனக்கு மோசமாகிற மாதிரி தெரியுது, நீங்க வந்து பார்க்கணும் சார்.” அரை நிமிடம்கூட ஆகாது. இதைக் கேட்டபிறகு எரிந்துவிழுந்த டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் போனில் மருந்து சொன்னால் திருப்பி நீயும் ஒருமுறை சொல், நேரத்தோடு எழுது, வந்ததும் கையெழுத்து வாங்கு. அவர் வரவில்லை, நோயாளி இன்னும் மோசம் என்றால் இன்னொரு தடவை கூப்பிடு, நைட் சூப்பர்வைசருக்கும் சொல்லிவிடு. கூப்பிட்டதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பி நான் பார்த்ததில்லை.

வென்ஃப்ளான் வெறும் கைப்பழக்கம், எண்ணிக்கையில்தான் வரும். மெடிக்கல் வார்டில் வயதானவர்களும் சர்க்கரைக்காரர்களும்தான் அதிகம், அங்கே நரம்பு கிடைப்பதே பாடு. இன்சார்ஜிடம் கேட்டு, வார்டு வேலை குறைந்த நேரத்தில் ஒரு வாரம் ஆபரேஷனுக்கு முன்னால் லைன் போடுகிற இடத்தில் நில். அங்கே இளவயதுக்காரர்கள், நல்ல நரம்பு, ஒருநாளைக்குப் பத்துப் போடலாம். பாட்டிகளுக்குப் பச்சை நிறப் பெரிய ஊசியைத் தூக்கிக்கொண்டு போகாதே, நீல நிறச் சின்ன ஊசி போதும். கையில் கட்டுகிற டூர்னிக்கே பட்டையை இறுக்கிக் கட்டினால் அந்த மெல்லிய நரம்பு வெடித்துவிடும். லேசாகக் கட்டு, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடு, ஊசியைச் சாய்த்துப் பிடி, தோலைக் கீழ்ப்பக்கமாக இழுத்துக்கொள். ரத்தம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தாதே, ஊசியை இன்னும் துளி உள்ளே விட்டு அப்புறம் பிளாஸ்டிக் குழாயை நகர்த்து. பெரும்பாலோர் தவறவிடுவது இங்கேதான். இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லையா, மூன்றாவது தடவை உன் கை வேண்டாம். இன்னொருவரைக் கூப்பிடு, அவர் போடும்போது போய்விடாமல் பக்கத்தில் நின்று அவர் கையைப் பார். அந்த அக்கா நோயாளி முன்னால் சொன்னது அசிங்கம்தான். அன்றைக்கே, தனியாக இருக்கும்போது, “அக்கா, தப்பா செஞ்சா வெளியே கூப்பிட்டுத் திட்டுங்க, பேஷண்ட் முன்னாடி சொன்னா அப்புறம் என் கையில ஊசியே போட்டுக்க மாட்டேங்கறாங்க” என்று சொல்லிப் பார். வேலையின் பக்கமாக நின்று சொன்னால் பெரும்பாலும் காதில் விழும்.

இடையில் ஒன்று. ஆயாம்மாவை எப்படிக் கூப்பிடுகிறாய்? பெயர் சொல்லியா, அக்கா என்றா? அவர் அந்த வார்டில் உன் சீனியர்களுக்கும் சீனியராக இருப்பார். துணி மாற்றுவதும், துடைப்பதும், பெட் பான் வைப்பதும் அவர்தான், நோயாளியின் உடம்பை நம் எல்லோரையும்விட அதிக நேரம் பார்ப்பவர். “அந்தத் தாத்தா நேத்து மாதிரி இல்ல சிஸ்டர்” என்று ஒரு ஆயாம்மா சொன்னால், கையில் இருக்கிற எழுத்து வேலையைப் போட்டுவிட்டு நான் எழுந்து போவேன். அந்தப் பேச்சு பொய்யானது ரொம்பக் குறைவு.

திட்டு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதாதே. “டூர்னிக்கே கழட்டாம ஃப்ளூயிட் கனெக்ட் பண்றியே, கண்ணு எங்க இருக்கு?” – இதில் வேலை இருக்கிறது. கடுமையாக இருந்தாலும் எடுத்துக்கொள். “உங்க ஊர்ப் பொண்ணுங்களே இப்படித்தான்”, நிறம், சாதி, இங்கிலீஷ் பேசுகிற விதம், குடும்பம் – இதில் வேலை எதுவும் இல்லை. இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன வார்த்தை என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுது. மூன்று நாலு சேர்ந்ததும் இன்சார்ஜிடம் தனியாகப் போ, அங்கே நகரவில்லை என்றால் நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் எழுத்தில் கொடு. டாக்டரோ, அட்டெண்டரோ, யாராக இருந்தாலும் தொடுவது, ஆபாசமாகப் பேசுவது என்று வந்தால் ஒருநாளும் காத்திருக்காதே. 2013-ம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் யார் யார் அதில் இருக்கிறார்கள் என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்.

ஆறு நைட் விஷயத்தில், கோபப்படுமுன் மூன்று மாத டியூட்டி ரோஸ்டரை எடுத்து எண்ணிப் பார். எல்லோருக்கும் ஆறு வந்திருந்தால் அது அந்த ஊர் வழக்கம். உனக்கு மட்டும்தான் என்றால், எண்ணிக்கையைத் தாளில் எழுதிக்கொண்டு இன்சார்ஜிடம் போ. அழுதுகொண்டு போகாதே, தாளோடு போ.

யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். ஊசி கையில் குத்திக்கொண்டால் திட்டுக்குப் பயந்து மறைக்காதே. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவு, பிதுக்காதே, உடனே கேஷுவாலிட்டிக்குப் போ. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கிறாயா? இல்லாவிட்டால் இந்த வாரமே ஆரம்பி.

கடைசியாக, அம்மா சொல்வது. டியூட்டர் வேலை மட்டமில்லை. ஆனால் நாலு மாத வார்டு அனுபவத்தோடு நீ போய், உன்னைப் போல இன்னொரு பெண்ணுக்கு என்ன சொல்லிக்கொடுப்பாய்? ஒரு வருடம் முடி. அதற்குள் பார்க்காததை எழுதச் சொல்வதும், ஓவர் கேட்டால் முறைப்பதும், கேவலமாகப் பேசுவதும் மாறவே இல்லை, மேலே சொல்லியும் அசையவில்லை என்றால் அந்த ஆஸ்பத்திரியை விடு. நர்ஸ் வேலையை விடாதே. இரண்டும் ஒன்றில்லை என்பதை அம்மாவுக்கும் சொல். வார்டில் யாராவது ஒரு அக்கா, அதிகம் பேசாதவர், நீ லைன் போடும்போது சொல்லாமலேயே பிளாஸ்டரைக் கிழித்து நீட்டுகிறவர், கட்டாயம் இருப்பார். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டு எழுது.

வருகிற வாரம் மறுபடி நைட்டா? கிளம்பும் முன் இரண்டு மணி நேரமாவது தூங்கு, சாப்பிட்டுவிட்டுப் போ, பாக்கெட்டில் விநாடி முள் உள்ள கடிகாரம் வைத்துக்கொள். ஓவருக்குப் பத்து நிமிடம் முன்னால் போய், நாலாம் பெட்டிலிருந்து ஆரம்பி.